துளசித் தொட்டியும் துப்பல் வாளியும்

அந்த வாளியை முதலில் பார்த்தபோது, கை கழுவ வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பளபளவென்று எவர்சில்வர் வாளி. எங்கள் வீட்டு முகப்பில், கார் நிறுத்தும் இடத்தில், இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். துணியின் மேல் நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகள். மேசை ஓரத்தில், என் துளசித் தொட்டியை உரசிக்கொண்டு, அந்த வாளி.

மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் கோப்பையைத் தூக்கிச் சுழற்றினாள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்து, காலையில் நாம் வாய் கொப்பளிப்போமே, அப்படிக் கொப்பளித்தாள். பிறகு குனிந்து வாளியில் துப்பினாள். இரண்டு துளி தெறித்துத் துளசி இலையில் விழுந்தது.

இறால் சம்பல் சட்டியைக் கையில் பிடித்தபடி நான் நிலைவாசலில் நின்றுகொண்டிருந்தேன். சட்டியின் சூடு துணியைத் தாண்டி விரலில் ஏறியது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

அவர்களோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்தார். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனார். சாமி அறை ஓரம் வைத்து, ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தார்.

வெளியே யாரும் இதைக் கவனிக்கவில்லை. “லெமன்! எனக்கு லெமன் வாசம் வருது!” என்று ஒரு குரல் கேட்டது.

இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பத்திரிகையில் நான் எழுதும் வாரப் பத்தியில் இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். நாளிதழை மடித்து வைத்தார்.

“எழுது. எங்கப்பா பேர மட்டும் போட்டுறாத” என்றார்.

போடவில்லை.

தம்பி கேட்டான்

எனக்கு ஒரே தம்பி, குணா. கோலாலம்பூரில் கம்பியூட்டர் வேலை. நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு நின்றவள். அவன் பட்டம் வாங்கியவன். அவன் பட்டம் வாங்கிய அன்று முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்தவள் நான்தான்.

அவனுக்கு ஒரு கூட்டாளிக் கூட்டம் இருக்கிறது. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். எல்லாரும் நம் பிள்ளைகள்தான். டாக்டர், வக்கீல், பேங்கு உத்தியோகம். பிரான்ஸ் நாட்டு ஒயின் பாட்டில்களைத் திறந்து, ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றி, அவரவருக்குத் தோன்றியதைச் சொல்வார்களாம். ஒருவர் பச்சை ஆப்பிள் என்பாராம். இன்னொருவர் மழை பெய்த கல் என்பாராம். அதை எழுதி ஃபேஸ்புக்கில் போடுவார்களாம்.

“அக்கா, எங்க கேங்குக்கு உன் நண்டுக் கறி ஒரு தடவ குடுக்கணும். வெள்ளை ஒயினுக்கும் நண்டு இறாலுக்கும் அப்படி ஒரு பொருத்தம்லா.”

“என் வீட்லயா? மாமா இருக்காருடா.”

“உள்ள வேணாங்கா. வெளிய, போர்ச்சுல. இது தண்ணியடிக்கிறது இல்லக்கா, டேஸ்டிங். பாதிப் பேரு முழுங்கவே மாட்டோம்.”

“முழுங்காததுக்கு எதுக்குடா வாங்குறீங்க?”

அதற்கு அவன் சிரித்தான். நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “வரட்டும். உன் தம்பிதானே. வெளியதானே” என்று முடித்துவிட்டார். அவருக்கு என் பிறந்த வீட்டு மனுஷர்களை வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நண்டும் இறாலும் கடலோர ஊரான ஜெராமிலிருந்து வந்தன. கால்கள் ரப்பர் வளையத்துக்குள் துடித்துக்கொண்டிருந்த நண்டுகள். என் சமையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் அடுப்பில் இருப்பதை வாயில் வைத்துப் பார்க்க மாட்டேன். கறி மீன் என்றால் முதல் பிடி முனியாண்டி படத்துக்கு. அவருக்கு முன்னால் என் நாக்கு படக்கூடாது. முகர்வதும் இல்லை. ஆவி முகத்தில் அடித்தால் திரும்பிக்கொள்வேன். அதனால் சில நாள் உப்பு ஏறும், சில நாள் இறங்கும். அன்றைக்கு ஏறித்தான் இருந்தது. நல்லபடியாகவே சாப்பிட்டார்கள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர் குடியை விட்ட கதை

என் வீட்டுக்காரர் குடியை விட்டவர். இதைத் தெரிந்துகொண்டால்தான் என் கோபம் புரியும்.

என் மாமனார் ரப்பர்ப் பால்மரம் வெட்டுவதில் கெட்டிக்காரர். வேலை வாங்கும் மண்டோரே மெச்சும் கை. சம்பள நாள் வந்தால் அந்தக் கை சம்சு சாராயப் பாட்டிலைத் தவிர வேறெதையும் பிடிக்காது. ஒரு சம்பள நாள் சாயங்காலம் தோட்டத்து வாய்க்காலில் குப்புற விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். தூக்கப் போனது அவருடைய மச்சினரும் மகனும். அந்த மகன்தான் பிறகு என்னைக் கட்டியவர்.

அதைப் பார்த்தவரே பிறகு குடித்தார். எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். லோரிக்காரர்களுக்குக் கூட்டாளி கிடைப்பதா கஷ்டம்? வீட்டில் நடந்ததை எல்லாம் எழுதப் போவதில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

விட்டது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் அவர் வந்து, தூங்கிக்கொண்டிருந்த எங்கள் மூத்த மகள் பக்கத்தில் படுத்தார். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தது. அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, யாரும் அழவில்லை. விடிந்ததும் குளித்துவிட்டு முனியாண்டி கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

அந்தக் கோயில் ஜெராம் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டாலும், படையல் நாளுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். முனியாண்டிக்குச் சுருட்டும் உண்டு, கோழியும் உண்டு, பீரும் சம்சுவும் உண்டு. ஆனால் அதை ஊற்றுகிறவர் குடிக்காதவராக இருக்க வேண்டும். அது எங்கள் கோயில் வழக்கம். முன்னொரு காலத்தில் ஊற்றியவர் சாமிக்கு ஒரு வாய், தனக்கு ரெண்டு வாய் என்று ஊற்றி, படையல் இலை மேலேயே சாய்ந்து குறட்டை விட்டாராம். அதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள்.

பாட்டிலைத் தொடுவதற்கு முன் வாசலில் சூடம் எரியும். பூசாரி எல்லார் முன்னாலும் கேட்பார், “தொட்டியா?” ஊற்றுகிறவர் சூடத்தின் மேல் கை நீட்டி, “தொடல” என்று சொல்ல வேண்டும். குடியை விட்டு நாலைந்து வருஷம் போனதும் ஊர் அந்த வேலையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தது. அவர் வாழ்க்கையில் வாங்கிய பட்டம் அதுதான்.

ஊற்றி முடித்ததும் குழாயடியில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கை கழுவுவார். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டுவார்.

“போயிருச்சா பாரு.”

நான் முகர்ந்து பார்த்துப் “போயிருச்சு” என்றால்தான் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவார். அந்த வாசத்தோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவராகப் போட்டுக்கொண்ட சட்டம்.

அப்பா சட்டை

துளசியை உள்ளே வைத்துவிட்டு அவர் மறுபடியும் வெளியே போய் உட்கார்ந்தார். வீடு தேடி வந்தவர்களைத் தனியாக விட்டுவிட்டு உள்ளே இருப்பது மரியாதையில்லை என்று நினைக்கிறவர். பிளாஸ்டிக் நாற்காலி, கையில் ரோஸ் சிராப் தண்ணி.

கடைசிப் பாட்டிலை டாக்டர் பிரேம் திறந்தார். அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் பெரியவர். மருந்து கொடுக்கிற பவ்யத்தோடு ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றினார். “இது பழசு. ரொம்ப வருஷம் பாட்டில்லயே தூங்குன சாமான். அவசரப்படாதீங்க” என்றார்.

“எனக்கு செர்ரி.”

“செர்ரி இல்லலா, காஞ்ச அத்திப்பழம்.”

“பென்சில் சீவுற வாசம்!”

“எனக்கு நனஞ்ச நாய்க்குட்டி.”

“உன் நாய்க்கு எவன்டா பிரெஞ்சு ஒயின் ஊத்துனது?”

கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். அப்போதுதான் அந்த மஞ்சள் சட்டைப் பெண், ஷாமினி என்று பெயர், வக்கீல், என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், நீங்க சொல்லுங்களேன்.”

“நான் தொடுறதில்லம்மா.”

“குடிக்க வேணாம் அங்கிள். ஜஸ்ட் முகர்ந்து பாருங்க. என்ன ஞாபகம் வருதோ அதைச் சொல்லுங்க. இதுல ரைட்டு ராங்கு ஒண்ணும் இல்ல.”

“வேணாம்மா.”

“மாமா, சும்மா மூக்குதானே!” இது என் தம்பி. “மூக்குல போதை ஏறுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் குணாவை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. மச்சினன் தன் கூட்டாளிகள் முன்னால் கேட்டுவிட்டான், மறுத்தால் அவன் முகம் வாடும். கோப்பையை வாங்கினார். டார்ச் லைட்டைப் பிடிப்பது போல முழுக் கையால் அதன் காம்பைப் பிடித்தார்.

முகர்ந்தார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை.

“எங்கப்பா சட்டை” என்றார்.

கோப்பை இன்னும் அவர் முகத்தருகேதான் இருந்தது.

“வாய்க்கால்லேர்ந்து தூக்குனப்ப நெஞ்சோட அணச்சுப் புடிச்சிருந்தேன். சட்டை இப்படித்தான் வாசம் அடிச்சுச்சு. சேறு, வேர்வை, சம்சு எல்லாம் சேர்ந்து.”

கோப்பையை மேசையில் வைத்தார். வாங்கியபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அதில் இருந்தது. நான் பார்த்தேன்.

டாக்டர் தன் கோப்பையை அவசரமாக முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

“கரெக்ட்! தோலு, வேர்வை, ஈரமண்ணு! அங்கிள் ஒரே மூச்சில புடிச்சிட்டாருலா!”

கை தட்டினார்கள். ஷாமினி போனில் டக்கென்று ஒரு படம் எடுத்தாள். “சூப்பர் டேஸ்டிங் நோட் அங்கிள்! இன்னொரு தடவ கோப்பையத் தூக்கிப் புடிங்களேன்” என்றாள். அவர் மனசு எங்கேயோ இருந்தது. சொன்னபடி தூக்கிப் பிடித்தார். மறுபடியும் டக்.

ஒரு மனுஷன் தன் அப்பாவைப் பிணமாகத் தூக்கிய நாளைச் சொல்கிறான். இவர்கள் சரியான விடைக்கு மார்க் போடுகிறார்கள். “எப்ப நடந்துச்சு அங்கிள்? உங்களுக்கு அப்ப என்ன வயசு?” என்று ஒரு வாய் கேட்கவில்லை. படித்த வாய்கள்.

சந்தையில் கேட்ட கேள்வி

அந்த வாரமே, காலைச் சந்தையில் கீரைக்காரி சரஸ் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். கோயில் காரியங்களில் என்னோடு கூடமாட நிற்பவள்.

“அக்கா, கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க. அண்ணன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரா?”

“என்னத்த?”

அவள் போனைக் காட்டினாள். என் வீட்டு முகப்பு. என் வீட்டுக்காரர். கையில் ஒயின் கோப்பை, முகத்தருகே. கீழே இங்கிலீஷில் நாலு வரி. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், சரஸின் மகள்தான் தமிழில் சொன்னாள். ‘எங்கள் புது டேஸ்டர் அங்கிள். அவர் கண்டுபிடித்த வாசம்: வாய்க்காலில் விழுந்த அப்பாவின் சட்டை.’ பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக.

“குடிக்கலடி. மோந்துதான் பாத்தாரு.”

“எனக்குத் தெரியும்கா” என்றாள் சரஸ். கீரைக் கட்டை எடுத்துக் கொடுத்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குணாவுக்குப் போன் போட்டேன்.

“படத்த அழிக்கச் சொல்லுடா.”

“ஏங்கா? யாரும் தப்பா எழுதலியே. எல்லாரும் மாமாவ எவ்ளோ பாராட்டுறாங்க தெரியுமா? ஷாமினி சொல்றா, இந்த வருஷத்துலயே பெஸ்ட் நோட் அதுதானாம்.”

“அது நோட்டு இல்லடா. அது அவரோட அப்பா.”

“அக்கா, கைல ஒரு கிளாஸ் ஒயின் இருந்தா அசிங்கமா? அந்த மைண்ட்செட்டத்தான் மாத்தணும்.”

போனை வைத்துவிட்டேன். படத்தை அவன் மறுநாள் அழிக்க வைத்தான். ஷாமினி எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். “ஸாரி ஆன்ட்டி. பட், அது ரொம்ப பியூட்டிஃபுல்லா இருந்துச்சு” என்றாள். அழித்து என்ன பயன்? அதற்குள் எங்கள் கோல சிலாங்கூரில் எந்தெந்தப் போனில் இறங்கிவிட்டதோ, அந்த முனியாண்டிக்கே வெளிச்சம்.

ரசனையாம்

இங்கே கொஞ்சம் மனசைக் கொட்டிவிடுகிறேன்.

என் மாமனார் குடித்தார். அவரைக் குடிகாரன் என்றார்கள். செத்த பிறகும் அவர் பெண்டாட்டியைக் குடிகாரன் பெண்டாட்டி என்றார்கள், மகனைக் குடிகாரன் மகன் என்றார்கள். எனக்குப் பெண் கேட்டு வந்தபோது என் அப்பாவே அந்தப் பேரைச் சொல்லித்தான் முகத்தைச் சுளித்தார். தோட்டத்துச் சனம் என்றாலே சம்சு என்று பேசாத மேசை உண்டா?

இவர்கள் குடித்தால் அது ரசனை. அதற்கு நீளக் காம்பு வைத்த கோப்பை, வெள்ளைத் துணி. துப்புவதற்குக்கூட ஒரு மரியாதை, ஒரு பளபளப்பு வாளி. லயத்தில் எவனாவது வாசலில் துப்பினால் வெளக்கமாறு பறக்கும்.

அவர்கள் குடிக்கட்டும். அவர்கள் காசு, அவர்கள் வாய். பிரான்ஸ் நாட்டுக்காரன் மண்ணைக் கொத்திக் கொடி வளர்த்து, வருஷக்கணக்கில் காத்திருந்து செய்கிற சாமான் என்கிறார்கள். இருக்கட்டும், உழைப்பாளிதான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மேசையில் ஆளுக்கு ஆள் சொன்னதில் அழகும் இருந்தது. மழைக் கல் என்று ஒருவர் சொன்னபோது, எங்கள் பழைய லயத்து வாசற்படி எனக்கு ஞாபகம் வந்தது.

என் வயிறு எரிவது வேறு இடத்தில். மாட்டேன் என்று சொன்ன மனுஷன் கையில் ஏன் திணிக்க வேண்டும்? அவன் எதிலிருந்து தப்பி வந்தான் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? குணாவுக்குத் தெரியும். என் வீட்டில் வளர்ந்தவன். அந்தக் காலத்தில் மாமாவின் மோட்டார் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தவன். அவன்தான் “மூக்குல போதை ஏறுமா” என்றான். அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தலைவர் வந்தார்

படையலுக்கு முந்திய வாரம் கோயில் தலைவர் மாணிக்கம் வந்தார். காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். கோழி விலை ஏறிவிட்டது என்றார். வந்த காரியம் கடைசி மடக்கில்தான் வெளியே வந்தது.

“அண்ணே, நான் உங்கள நம்புறேன். மத்தவங்க ஒரு மாதிரி பேசுறாங்க. இந்த வருஷம் மட்டும் வேற ஆளு ஊத்தட்டுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், “சரி” என்றுவிட்டார்.

தலைவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். “என்ன சரி? நீங்க குடிச்சீங்களா? எதுக்குச் சரி?”

“மோந்தேனே” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ஊர் சந்தேகப்பட்டதற்காக அவர் சரி சொல்லவில்லை. தனக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

“சூடத்து மேல கைய நீட்டித் ‘தொடல’ன்னு சொல்லணும். மோந்தவன் அதச் சொல்லலாமான்னு எனக்குத் தெரியல, புள்ள.”

அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான ஆத்திரம் வந்தது. இத்தனை வருஷம் காத்த சத்தியத்தைக் குடித்து உடைக்கச் சொல்லியிருந்தாலும் அவர் மறுத்துத் தப்பித்திருப்பார். விளையாட்டுக்கு ஒரு வாசம் காட்டி, அவர் சத்தியத்திலேயே ஓட்டை விழுந்துவிட்டதோ என்று உட்கார வைத்துவிட்டார்கள். நான் குணாவுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று சொன்னேன். “ஞாயித்துக்கெழம படையல். வந்து பாரு.”

படையல்

குணா வந்தான். கையில், துணியில் சுற்றிய ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டில். “சாமிக்குக்கா” என்றான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று புரிந்தது. அவன் அதைப் படையலில், பீர் பாட்டில்களோடு வைத்தான்.

உச்சி வெயில். செம்பனை ஓலைகள் அசையவில்லை. இலை நிறையச் சோறு, கோழி, சுருட்டு, எலுமிச்சை. பூசாரி வாசலில் சூடத்தை ஏற்றினார். வார நாளில் செரண்டாவில் ஃபேக்டரி வேலை பார்ப்பவர். மோட்டாரில் வந்து வேட்டி மாற்றிக்கொண்டு பூசாரி ஆவார்.

“ஊத்துற ஆளு யாரு?” என்றார்.

தலைவர் ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயருக்குரியவர் தலையைச் சொறிந்தார். “நான் நல்ல நாளு கெட்ட நாளுன்னா ஒரு டின்னு... பூசாரி, பீர் கணக்குல வருமா?”

“நீ எந்தக் கணக்குல குடிச்ச?”

சிரிப்பு. தலைவர் இன்னொருவரைப் பார்த்தார். அவர் தன் செருப்பில்லாத காலைப் பார்த்தார். மூன்றாவது ஆள் பின்னால் நகர்ந்து கூட்டத்தில் கரைந்துவிட்டார். “தலைவரே, நீங்களே ஊத்துங்களேன்!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சரஸ்தான். தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை வியாழக்கிழமை எங்கே பார்க்கலாம் என்று ஊருக்கே தெரியும்.

சூடம் கரைந்துகொண்டிருந்தது. அப்போது குணா முன்னால் வந்தான்.

“மாமா குடிக்கல. நான் பக்கத்துலதான் இருந்தேன். நாங்கதான் மோந்து பாக்கச் சொன்னோம்.”

“தம்பி, அப்ப நீ வந்து ஊத்து!” என்றார் யாரோ. குணா தலையைக் குனிந்துகொண்டான்.

பூசாரி என் வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். “நீ ஏன்யா மூலையில நிக்கிற?”

“மோந்துட்டேன் சாமி.”

“வருஷா வருஷம் இங்க ஊத்துறப்ப மூக்கக் கழட்டி வீட்லயா வச்சிட்டு வர்ற?”

கோயிலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் தோள் இறங்கியது. கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்டது போல இறங்கியது. முன்னால் வந்தவர், சூடத்தருகே நின்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தூக்கிப் பிடித்த கைகளில் போன்கள்.

“எல்லாரும் போனக் கீழ வைங்க” என்றார்.

அவர் கூட்டத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தலைவர் கையும் இறங்கியது. கடைசிக் கை இறங்கும்வரை அவர் காத்திருந்தார்.

“தொட்டியா?”

“தொடல.”

முதலில் ஒயின். அதற்கு மூடி இல்லை, தக்கை. கோயிலில் அதைத் திறக்க ஏது சாமான்? குணா சாவிக்கொத்திலிருந்து ஒரு தக்கைத் திருகியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். தக்கையைத் திருகி, பதமாக இழுத்தான். பொக்கென்று வந்தது.

வந்ததும் அவன் கை தானாகத் தக்கையை மூக்கருகே கொண்டுபோனது. கண்ணை மூடி முகர்ந்தான்.

“அய்யய்யோ!” என்று நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் கத்தினோம்.

சாமிக்கு வைக்கும் பூவைக்கூட முகர மாட்டோம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கையால் சோறு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு, என் அடுப்படியில் வளர்ந்தவனுக்கு, அது மறந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோதுதான் அவனுக்கே உறைத்தது. தக்கையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். காது வரை சிவந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் அந்தப் பாட்டிலை வாங்கி, படையலுக்கு வெளியே வேலியோரம் வைத்தார். குணாவின் முதுகில் ஒருமுறை தட்டினார். பிறகு பீரை உடைத்து, முனியாண்டிக்கு நிதானமாக, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார்.

சாப்பாடு முடிந்ததும் குணா என்னிடம் வந்தான். “அக்கா, தெரியாம...” என்று ஆரம்பித்தான்.

“உனக்குத் தெரியாம நடந்தது இன்னைக்குத்தான். அன்னைக்குத் தெரிஞ்சுதான் கேட்ட” என்றேன். அவன் வேலியோரப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கார் பக்கம் போனான். என் கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை, அவசரமாக இறக்கவும் மாட்டேன். துளசித் தொட்டி முகப்புக்குத் திரும்பிவிட்டது. அவன் வரலாம், சாப்பிடலாம். அந்த மேசை மட்டும் இனி என் வாசலில் விரியாது.

குழாயடியில் என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை விரலிடுக்குகளில் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை ரொம்ப நேரம் தேய்த்தார். ஒரு பழம் முடிந்து இன்னொன்றை எடுத்தார். அதன் பிறகுதான் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னிடம் வந்து, ஈரம் சொட்டச் சொட்டக் கையை நீட்டினார்.

“போயிருச்சா பாரு.”

இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்து, முகத்தோடு வைத்து முகர்ந்தேன்.

“போயிருச்சு. வண்டிய எடுங்க.”

அந்தக் கையில் வேறென்ன வாசம் இருந்தது என்று கேட்காதீர்கள். அதை எங்கேயும் எழுத மாட்டேன்.